எப்சிலானுக்கு ஒரு சொல் போதாது

வணக்கம்.

வடிவியல் நிரல்களில் இரு மிதவைப்புள்ளி எண்களை (floating-point: கணினி வரம்புக்குட்பட்ட இலக்கங்களோடு சேமிக்கும் எண்கள்) ஒப்பிடும்போது நாம் விட்டுக்கொடுக்கும் சிறு இடைவெளிக்கு, அதாவது ‘tolerance’ என்பதற்கு, ‘சகிப்புத்தன்மை’ என்ற தமிழ்ச் சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அது நீளமானது, பிற சொற்களோடு எளிதில் ஒட்டாது. ஆகவே ‘பொறுதி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் நிரலாளர்கள் ‘எப்சிலான்’ என்று பொதுவாக அழைப்பவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இரு புள்ளிகள் வழியே செல்லும் ஒரு கோட்டின் எந்தப் பக்கத்தில் மூன்றாவது புள்ளி உள்ளது என்பதை, அவற்றின் ஆயத்தொலைவுகளைக் கொண்டு கணக்கிடும் ஓர் அணிக்கோவையின் (determinant) குறி சொல்லிவிடும்: நேர்க்குறி எனில் இடப்புறம், எதிர்க்குறி எனில் வலப்புறம், சுழி எனில் கோட்டின் மேலேயே. மூன்று புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்துவிட்டால், இடைக் கணக்குகளில் சேரும் முழுதாக்கல் பிழை (rounding error) உண்மையான விடையைவிடப் பெரிதாகி, குறியையே புரட்டிவிடக்கூடும். அப்பிழை எந்த அளவைத் தாண்டாது என்பதை இரட்டைத் துல்லிய (double precision) எண்களின் 53 பிட் துல்லியத்தையும் உள்ளீட்டு எண்களின் பருமனையும் கொண்டு நிறுவ முடியும். இதற்குப் ‘பிழைவரம்பு’ என்ற சொல் பொருந்தும். விடையின் பருமன் இவ்வரம்பைத் தாண்டினால் குறியை நம்பலாம். தாண்டாதபோது மட்டும் கூடுதல் துல்லியத்தோடு மீண்டும் கணக்கிடலாம். கணினி அறிவியலாளர் ஜோனதன் ஷூசக் 1997இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுவே.

பொறுதி அப்படிப்பட்டதன்று. 10⁻⁹ என நிரலாளர் தாமே ஓர் எண்ணைத் தேர்ந்து, வேறுபாடு அதற்குள் அடங்கினால் சமம் என்று கொள்கிறார்; அந்த எண்ணுக்குப் பெரும்பாலும் நிறுவல் ஏதும் இருப்பதில்லை. ஆயத்தொலைவுகள் 10 கோடியை ஒட்டியிருந்தால், இரட்டைத் துல்லியத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான தொலைவே ஏறத்தாழ 1.5 × 10⁻⁸ ஆகிவிடும். அங்கே 10⁻⁹ என்ற பொறுதி எதையும் பொறுப்பதில்லை. வெறும் சமச் சோதனையாகவே மிஞ்சுகிறது. இதற்காகத்தான் எண்களின் பருமனோடு வளரும் ‘சார்புப் பொறுதி’யையும் மாறாத ‘தனிப் பொறுதி’யையும் வேறுபடுத்த வேண்டியுள்ளது.

‘தோராயச் சமம்’ என்பதற்கு மாற்றாகப் ‘பொறுதிச் சமம்’ என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். அ, ஆ இரண்டும் பொறுதிச் சமம், ஆ, இ இரண்டும் பொறுதிச் சமம் என்றாலும், அ, இ இரண்டும் அவ்வாறு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நெருங்கிய புள்ளிகளை ஒன்றிணைக்கும் நிரல்கள் உள்ளீட்டு வரிசை மாறினால் வேறு விடை தருவதற்கு இதுவே ஒரு காரணம். இது வழக்கமான சமமன்று என்பதைச் சொல்லே நினைவூட்டுவது நல்லது.

எப்சிலான் என்ற பெயரை, 1-க்கும் அதற்கு அடுத்த மிதவைப்புள்ளி எண்ணுக்கும் உள்ள இடைவெளிக்கு, அதாவது இரட்டைத் துல்லியத்தில் 2⁻⁵² என்ற மாறிலிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.