மின்வெட்டுக்கு நடுவே ஒரு மழை இரவு: 'கிரவுண்ட் சீரோஸ்' அனுபவம்

2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. வெள்ளவத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மின்வெட்டு அட்டவணையை அம்மா ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் சமைத்தோம், குளித்தோம். நானும் தம்பியும் விளையாடியதும் அதைப் பார்த்துத்தான்.

நீண்ட வீடியோ விளையாட்டு எதையும் தொடங்க மனம் வரவில்லை. மச்சான் விட்டுச்சென்ற பிளேஸ்டேஷன் 4இல் 'மெட்டல் கியர் சாலிட் 5: கிரவுண்ட் சீரோஸ்' இருந்தது. ஹிடியோ கொஜிமா உருவாக்கியது, 2014இல் வெளிவந்தது. அதன் பெரிய தொடர்ச்சியான 'த பாண்டம் பெயின்' 2015இல்தான் வந்தது. முதன்மைப் பணியை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடலாம். "முன்னோட்டத்துக்குக் காசா?" என்று அந்த நாளில் பலர் கோபப்பட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, பல வருடங்கள் அதைத் தொடாமலே இருந்தேன்.

கதை 1975இல், கியூபாவில் உள்ள ஓர் அமெரிக்கத் தடுப்பு முகாமில் நடக்கிறது. கொட்டும் மழை, சுழலும் தேடுவிளக்குகள். சிக்கோ என்ற சிறுவனையும் பாஸ் என்ற பெண்ணையும் மீட்க வேண்டும். முதல் இரவில் ஐந்து நிமிடம்கூட நான் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகுதான் பொறுமை வந்தது. தொலைநோக்கியால் ஒவ்வொரு காவலனையும் குறித்துக்கொள்வேன். யார் எங்கே திரும்புகிறான், எந்த மூலையில் நிற்கிறான் என்று பார்ப்பேன். விளக்கைச் சுட்டு அணைத்துவிட்டு அந்த இருட்டுக்குள் புகுந்துகொள்வேன். வீட்டில் எங்களை வாட்டிய இருட்டு அங்கே எனக்குத் துணையாக இருந்தது.

என்னை உண்மையில் கட்டிப்போட்டது ஒலிநாடாதான். பாஸ் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிக்கோவிடம் இருக்கும் நாடாவைக் கேட்டு, அதில் பதிவான சத்தங்களை வைத்து வழியைத் தேட வேண்டும். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "அண்ணா, இன்னொரு தடவை போடுங்கள். இந்தச் சத்தம் நாங்கள் முதலில் கடந்த பக்கத்தில் வந்ததுதானே?" என்றான். இருட்டில் கிடந்து பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டரையும் கடற்கரை ரயிலையும் கேட்டுக் கேட்டு எங்கள் காது அந்த நாட்களில் கூர்மையாகியிருந்தது. நிர்வாகக் கட்டடத்தின் அடித்தளத்தில் பாஸைக் கண்டபோது இருவரும் சத்தமே போடவில்லை. அவள் நிலையைப் பார்த்தபின் பேச வார்த்தை வரவில்லை.

அவளைத் தோளில் சுமந்து ஹெலிகொப்டருக்குக் காத்திருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. அட்டவணைப்படி இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் திரும்பத் தொடங்கியபோது தம்பி ஒரு நிபந்தனை போட்டான். கூண்டுகளில் அடைபட்டிருக்கும் மற்றக் கைதிகளையும் கொண்டுவர வேண்டும். அவர்களை விட்டுவிட்டு ஓடினால் பணி விரைவாக முடியும் என்றேன். அவன் கேட்கவில்லை. "அவர்களும் மழையில்தானே நிற்கிறார்கள் அண்ணா" என்றான். ஒவ்வொருவராகச் சுமந்தோம்.

அதன்பின் அதே முகாமில் நான்கு துணைப் பணிகள். பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது இரவில் ஒளிந்திருந்த இடமெல்லாம் பட்டப்பகலில் திறந்து கிடந்தது. ஒரு மாதம் அந்தச் சின்ன இடத்திலேயே கிடந்தோம். எங்கள் ஒழுங்கையைப் போல அதன் ஒவ்வொரு வேலியும் மனப்பாடமானது. 'த பாண்டம் பெயின்' ஆப்கானிஸ்தான், ஆபிரிக்கா என்று விரிந்து கிடக்கிறது. அதையும் நேசித்தேன். ஆனாலும் அதில் ஒரு முகாமைக்கூட இப்படி அறியவில்லை.

இங்கே விளையாடிச் சேமித்த பதிவை அந்தப் பெரிய விளையாட்டுக்கு மாற்றினால், மீட்ட கைதிகள் நம் தளத்தில் வீரர்களாக வந்து சேர்வார்கள். அது எனக்குத் தெரியாது. பட்டியல் திறந்ததும் தம்பி திரைக்கு முன்னால் போய் நின்று, விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினான். பிறகு திரும்பி, "எல்லோரும் வந்துவிட்டார்கள் அண்ணா" என்றான்.