புதுப்பிப்பு: கோடைப் பயணப் புலமைப்பரிசில் என்ன ஆயிற்று?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் முச்சக்கரவண்டி ஓட்டுபவரின் மகளுக்கு, இங்கிலாந்தில் கோடைகாலக் கல்விப் பயணம் போகப் புலமைப்பரிசில் கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது, ஆனால் முழுதாக அல்ல. பயிற்சிக் கட்டணமும் தங்குமிடமும் புலமைப்பரிசில் தருபவர்கள் பொறுப்பு; விமான டிக்கெட், விசா, காப்புறுதி எல்லாம் எங்கள் தலையில். அறிவிப்பின் பொடி எழுத்தை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கவனிக்க: அங்கே கோடை விடுமுறை என்றால் இங்கே பாடசாலை இருக்கலாம். அதிபரின் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே தேவை. கிராம சேவகர் தந்த வருமானச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்ததால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கினோம்.

டிக்கெட்டில் பாதியைப் பழைய மாணவர் சங்கம் தருகிறது. மீதிக்குத் தகப்பன் சீட்டுக் காசை எடுத்திருக்கிறார். பிள்ளைக்கோ ஒரே சந்தேகம்: "அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்குமாமே, அண்ணா?"