புதுப்பிப்பு: ஃபயர் அலாரத்துக்குக் கடைசியில் எந்தக் கேபிள் இழுத்தோம்

எங்கள் 5 மாடி அடுக்ககத்தின் ஃபயர் அலாரத்துக்கு எலக்ட்ரீஷியன் சொன்ன எஃப்ஆர்எல்எஸ் (தீ பரவாத, புகை குறைந்த பிவிசி உறை போட்ட) ஒயரே போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது. அது தீயைப் பரப்பாது, புகையும் குறைவுதான், ஆனால் நெருப்பில் பிவிசி உருகி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் ஹூட்டர் (அலாரத்தின் சைரன்) கத்த வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். அதனால் கம்பி மேல் தீ தாங்கும் மைக்கா டேப் சுற்றிய, நெருப்பிலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும் ஃபயர் சர்வைவல் கேபிள் வாங்கினோம் (விலையைக் கேட்டதும் செயலாளர் முகம் போன போக்கு!).

அப்புறம் கம்பியின் தடிமன் 1-ஆ 1.5 சதுர மில்லிமீட்டரா என்ற குழப்பம்: 200 மீட்டர் தள்ளி ஹூட்டர்கள் 1 ஆம்பியர் இழுத்தால், போக வரச் சேர்த்து 1-ல் சுமார் 7 வோல்ட் காணாமல் போகும், 1.5-ல் 5-க்குள் நிற்கும். அலாரத்தை இயக்கும் பேனல் தருவதே 24 வோல்ட்தான். சரி, 1.5.

கேபிளைச் சுவரில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள், தீயில் முதலில் போவது அதுதான். பிரித்து இரும்பு கிளாம்ப் அடிக்கிறார்கள்.