தாத்தா பெட்டியில் கிடந்த பித்தளைக் கூம்பு

சுதா: தாத்தாவின் டிரங்குப் பெட்டி அடியில் இது கிடந்தது. பித்தளை, நல்ல கனம். சுற்றிலும் 0 முதல் 22 வரை எண்கள். என்னது இது?
(படம்)

பாலு சித்தப்பா: ஏதோ பழைய கடிகாரத்து உறுப்பு.

மீனா அத்தை: நம்பர் பூட்டு. வளையம் திரும்புதா பார்.

சுதா: கீழ் வளையம் லேசாக அசைகிறது. கார்த்தி எண்ணெய் விட்டுத் திருப்பப் போகிறான்.

ராமு மாமா: திருப்பாதே!! கீழே வை. மெதுவாக.

ராமு மாமா: இனித் தொடாமல், எட்ட நின்று சொல். 80 என்று வெட்டியிருக்கிறதா?

சுதா: ஆமாம் மாமா. பக்கத்தில் 1916.

ராமு மாமா: அப்போ பிரிட்டிஷ் 80ஆம் எண் டைம் ஃபியூஸ், அதாவது குண்டை நேரம் பார்த்து வெடிக்க வைக்கும் உறுப்பு. 18 பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டு மூக்கில் திருகுவது. வளையத்துக்குள் கருமருந்து அடைத்த பள்ளம் ஓடும். வளையத்தைத் திருப்பினால் மருந்து எரிய வேண்டிய தூரம் மாறும், அதுதான் நேரக் கணக்கு. நேரம் முடிந்ததும் குண்டு வானத்திலேயே வாயைத் திறந்து சுமார் 375 ஈய உருண்டைகளை முன்னால் வீசும்.

பாலு சித்தப்பா: கடிகாரம் என்றேனே 😀

ராமு மாமா: முக்கால்வாசி சரிதான். வேடிக்கை என்னவென்றால், இதற்கு மூலம் ஜெர்மானிய க்ருப் கம்பெனியின் காப்புரிமை. முதல் உலகப் போரில் அதை வைத்து ஜெர்மன்காரன் மேலேயே சுட்டார்கள்.

மீனா அத்தை: நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சே, மருந்து செத்திருக்காதா?

ராமு மாமா: ஈரம் படாத கருமருந்து அப்படியே இருக்கும் அக்கா. உள்ளே காலியா இல்லையா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. போலீஸைக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சுதா: சொல்லியாச்சு. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். பெட்டியில் ஒரு தோட்டாவும் பார்த்தேன் மாமா, படம் இருக்கிறது. அடியில் கே என்ற ஆங்கில எழுத்து, 17, ரோமன் ஏழு. நடுவில் சின்னக் குழி.
(படம்)

ராமு மாமா: மேலே குண்டு இருக்கிறதா?

சுதா: இல்லை, வாய் திறந்திருக்கிறது.

ராமு மாமா: 303 ரைஃபிள். கே என்றால் கைனாக் கம்பெனி, 17 என்பது 1917, ஏழு என்பது மார்க், அதாவது அந்தத் தோட்டாவின் ஏழாவது வடிவம். சுட்ட வெறும் கூடு, குழி ஊசி அடித்த தடம். குண்டோடு இருந்தால் மட்டும் அந்தக் குழியை நம்பக் கூடாது. ஊசி அடித்தும் வெடிக்காமல் போனதாக இருக்கலாம்.

சுதா: ஜீப் வந்துவிட்டது. கார்த்தி இன்னும் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறான்.

ராமு மாமா: அவர்கள் பார்த்துவிட்டுக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தால் எனக்கு எடுத்து வை.

மீனா அத்தை: அதானே பார்த்தேன்!