‘சப்ளை’ பாய்க்கப்பல் மாதிரி: பீப்பாய் அடுக்குவது எப்படி?

வைகைக்கரை:
மதுரைல பள்ளிக் கண்காட்சிக்காக, 1787-ல் சிட்னி பக்கம் போன பிரிட்டிஷ் கடற்படையின் ‘சப்ளை’ கப்பலை 1:50 அளவுல செய்றோம். ஒரு பக்கம் திறந்து சரக்கறையைக் காட்டணும். பீப்பாய் நிமிர்ந்து நிக்குமா, படுத்திருக்குமா? 170 டன் கப்பல்னு போட்டிருக்கே, அவ்வளவு எடையா ஏத்தினாங்க?

மாசிவீதி:
படுக்க வைங்க தம்பி, கப்பலோட நீளவாக்குல. கப்பல் சாயாம இருக்க அடியில பாரத்துக்கு இரும்புக் கட்டி, அதுமேல கூழாங்கல். உங்க மாதிரிக்குச் சலிச்ச பொடிக்கல்லு போதும். முதல் வரிசை கல்லுல கொஞ்சம் புதையணும். அடுத்த வரிசை கீழ் பீப்பாய்களுக்கு நடுவுல விழுற பள்ளத்துல உக்காரும். பீப்பாயோட பக்கத்துல இருக்குற ஊத்துற துளையோட மூடி மேல பார்க்கணும். கல் இல்லாத இடத்துல ரெண்டு முனைக்கும் பக்கத்துல கட்டை கொடுத்து ஆப்பு அடிங்க, வயிறு, அதாவது நடுவுல புடைச்ச பகுதி, தரையில படக்கூடாது. பீப்பாய் வலுவில்லாத இடம் வயிறுதான். அசைஞ்சா பலகை விலகும், உப்புநீர் கசியும், பன்றிக்கறி கெட்டுடும். காலியான தண்ணிப் பீப்பாயில கடல்நீரை நிரப்புவாங்க, இல்லேன்னா அடி லேசாகி கப்பல் சாயும்.

170 டன் எடை இல்லை. நீள அகலத்தை வச்சுக் கணக்கிட்ட கொள்ளளவு. நீளம் 70 அடி, அகலம் 26 அடின்னு சில நூல்கள் சொல்லுது. உங்க அளவுல 43 செ.மீ., 16 செ.மீ. பாய்மரம் ரெண்டுதான், மூணாவது வேண்டாம்.

தெப்பக்குளம்:
எந்தப் பயணம்னு முதல்ல முடிவு பண்ணுங்க ஐயா, சரக்கறை அதைப் பொறுத்தது. 1759-ல் தேம்ஸ் கரையில கட்டி, கடற்படைத் துறைமுகங்களுக்குச் சாமான் சுமந்த கப்பல் இது. 1787 மே 13-ல் போர்ட்ஸ்மவுத் விட்டு, 1788 ஜனவரி 18-ல், கைதிகளைக் குடியேத்தப் போன பதினோரு கப்பல்ல முதல் ஆளா, சிட்னி பக்கத்து வளைகுடாவான பாட்டனி பே சேர்ந்தது. அந்தப் பயணம்னா அறையை நிறைச்சு வைங்க.

1790 மார்ச் 19-ல் கூட வந்த இன்னொரு கடற்படைக் கப்பல் ‘சிரியஸ்’ நார்ஃபோக் தீவுல உடைஞ்சதும், சிட்னி குடியேற்றத்துக்கு மிச்சமிருந்த ஒரே கப்பல் இதுதான். வாரப்படி ஒரு ஆளுக்கு மாவு இரண்டரை பவுண்டு, அரிசி 2, பன்றிக்கறி 2. அரிசியில வண்டு, கறி பல வருஷம் பழசு. ஏப்ரல் 17-ல் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கிளம்பி, அக்டோபர் 19-ல் உணவோட திரும்பிச்சு. இதோட சரக்கறை பத்தாதுன்னு அங்கேயே வாடகைக்குப் பிடிச்ச டச்சுக் கப்பல் டிசம்பர்ல வந்துச்சு. எனக்கு இந்தப் பயணம்தான் காட்டத் தகுந்தது. ஏப்ரல் புறப்பாடுன்னா அறையை நிறைக்காதீங்க, கரையிலேயே உணவில்லை. கல், தண்ணிப் பீப்பாய், மூலையில நாலஞ்சு கறிப் பீப்பாய் போதும்.

வைகைக்கரை:
ஏப்ரல் 1790-ஏ செய்றோம். கப்பல் கடைசில என்ன ஆச்சு?

தெப்பக்குளம்:
1792-ல் வித்துட்டாங்க. ‘தாமஸ் அண்டு நான்சி’ன்னு பேர் மாத்தி, தேம்ஸ்ல நிலக்கரி சுமந்துச்சு.