ஹாஸ்கெலில் கட்டளை வரி ஆப்ஷன்கள்: கெட்ஆப்ட் போதுமா, அப்ளிகேட்டிவ் வேண்டுமா?

அரைப்புள்ளி:
லாக் கோப்புகளிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் சின்ன நிரல் ஒன்றை ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் ஆறு ஆப்ஷன்கள். எங்கிருந்து படிப்பது என்பதற்கு --ஃபைல் (கோப்பு) அல்லது --ஸ்டிடின் (விசைப்பலகையிலிருந்தோ வேறு நிரலிலிருந்தோ நேராக வரும் உள்ளீடு), இரண்டில் ஒன்று. எத்தனை வரி என்பதற்கு --லிமிட். அப்புறம் --ஃபார்மட், --வெர்போஸ் மாதிரி சில்லறைகள். கம்பைலரோடு வரும் கெட்ஆப்ட் மாட்யூலே இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். ஆப்ஷன்களை ஒரு லிஸ்டாக எழுதிக் கொடுத்தால், அடையாளம் கண்ட ஆப்ஷன்கள், மீதிச் சொற்கள், பிழைகள் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. கூட வேலை பார்ப்பவரோ ஆப்ட்பார்ஸ்-அப்ளிகேட்டிவ் என்ற வெளிப் பேக்கேஜ்தான் வேண்டும் என்கிறார். அதைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு ஆப்ஷனையும் படிக்கும் பார்சர்களை ஒன்றாகக் கோக்கும் குறிகள்தான் வரிக்கு வரி: <$>, <*>. ஆறு ஆப்ஷனுக்கு இவ்வளவு தேவையா?

மடிப்பு:
தேவையே இல்லை. கெட்ஆப்டைப் பலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு கன்ஸ்ட்ரக்டர் (ஒரு டைப்பின் மதிப்பைக் கட்டும் பெயர்) வைத்து, வந்த லிஸ்டை மறுபடி மறுபடி தேடுவார்கள். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு ஆப்ஷனையும் "பழைய அமைப்பை வாங்கிப் புதிய அமைப்பைத் தரும் ஃபங்ஷன்" என்று எழுதுங்கள். இயல்பான மதிப்புகள் கொண்ட ரெக்கார்டில் (பெயரிட்ட ஃபீல்டுகளின் தொகுப்பு) தொடங்கி, வந்த ஃபங்ஷன்களை ஒரு ஃபோல்டில் (லிஸ்டை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே விடையாகச் சேர்ப்பது) வரிசையாக அதன்மீது செலுத்தினால் முடிந்தது. வெளிப் பேக்கேஜ் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் ஒரே பார்வையில் புரியும்.

வகைநேசன்:
மடிப்பு சொல்லும் முறையிலேயே நான் ஒரு பேக்கப் நிரல் எழுதியிருந்தேன். புதிய பிரதி எடுத்துவிட்டு, பழையவற்றில் கடைசி இத்தனையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்க வேண்டும். அந்த எண் --கீப் என்ற ஆப்ஷனில் வரும். அதை 'ரீட்' ஃபங்ஷனால் எண்ணாக மாற்றி ரெக்கார்டில் வைத்தேன். ஒருநாள் 10 என்று அடிக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ எழுத்து விழுந்துவிட்டது. ஹாஸ்கெல் சோம்பல் மதிப்பீட்டு மொழி. யாரும் கேட்கும்வரை அந்த எண்ணைக் கணக்கிடாது. பிரதி எடுக்கும் வேலை நாற்பது நிமிடம் ஓடி முடிந்து, நீக்கும் கட்டம் வந்தபோதுதான் நிரல் விழுந்தது. கிடைத்த செய்தி "நோ பார்ஸ்" மட்டும். எந்த ஆப்ஷன், எந்த மதிப்பு, ஒன்றுமில்லை.

ஆப்ட்பார்ஸில் இதே தவறு நிரல் தொடங்கும் முன்பே பிடிபடும். --கீப் ஆப்ஷனுக்கு வந்த இந்த மதிப்பைப் படிக்க முடியவில்லை என்று பெயரோடு சொல்லும்.

மடிப்பு:
நாற்பது நிமிடம் வீணானது கஷ்டம்தான். ஆனால் அது 'ரீட்' செய்த கோளாறு, கெட்ஆப்ட் என்ன செய்யும்? அது உங்களிடம் ஒரு ஸ்ட்ரிங்கைத்தான் தருகிறது. படிக்க முடியாவிட்டால் விழாமல் 'இல்லை' என்று தரும் 'ரீட்மேபி' போட்டு, ஃபங்ஷனின் விடையை ஈதராக (பிழை அல்லது மதிப்பு, இரண்டில் ஒன்று) மாற்றி, ஃபோல்டுக்குப் பதில் முதல் பிழையிலேயே நிற்கும் ஃபோல்ட்எம் எழுதினால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் சொந்தச் சொற்களில் பிழை வந்துவிடும். கூடுதலாக நான்கு வரி.

நான் கேட்பது வேறு. ஆப்ட்பார்ஸில் --ஃபார்மட் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்? முதலாவதை எடுத்ததும் அந்த ஆப்ஷன் செலவாகிவிடும். இரண்டாவது வரும்போது "செல்லாத ஆப்ஷன்" என்கிறது, ஹெல்ப்பில் அதே ஆப்ஷன் இருக்கும்போதே! ஷெல்லில் அலியாஸ் (நீண்ட கட்டளைக்குக் குறும்பெயர்) வைத்து, தேவைப்படும்போது கடைசியில் வேறு மதிப்புக் கொடுப்பது நாள்தோறும் செய்யும் பழக்கம். ஃபோல்டில் கடைசியாக வந்தது தானாகவே வெல்லும்.

வகைநேசன்:
அந்தச் செய்தி குழப்புகிறது, உண்மை. ஆனால் வழி இருக்கிறது. ஆப்ஷனை, ஒன்றோ பல முறையோ வந்தால் ஏற்று லிஸ்டாகத் தரும் 'சம்' (some) என்பதற்குள் வைத்து, வரும் லிஸ்டில் 'லாஸ்ட்' எடுத்துக்கொண்டால் கடைசி மதிப்பே நிற்கும். ஒரு முறைதான் வரவேண்டுமா, பல முறை வரலாமா என்பதை நீங்களே எழுதிச் சொல்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அரைப்புள்ளி கேட்டதில் முக்கியமானது --ஃபைல், --ஸ்டிடின் இரண்டில் ஒன்று என்பதுதான். மடிப்பின் ரெக்கார்டில் அது எப்படி இருக்கும்? கோப்புப் பெயருக்கு ஒரு மேபி (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்), ஸ்டிடினுக்கு ஒரு பூல் (ஆம் அல்லது இல்லை). இரண்டும் வந்தால்? இரண்டும் வராவிட்டால்? நாம் நினைவாகச் சோதிக்க வேண்டும், மறந்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது. ஆப்ட்பார்ஸில் "கோப்பிலிருந்து" அல்லது "ஸ்டிடினிலிருந்து" என்று இரண்டே கன்ஸ்ட்ரக்டர் கொண்ட டைப் ஒன்றை வைத்து, இரண்டு பார்சர்களுக்கும் நடுவே 'இது அல்லது அது' என்னும் <|> போட்டால் போதும். தவறான நிலை நிரலுக்குள் நுழையவே முடியாது. ஹெல்ப்பின் முதல் வரியும் இரண்டையும் அடைப்புக்குள் நெடுங்கோட்டால் பிரித்துத் தானே காட்டும்.

ஒட்டகம்:
நான் ஓகாமெல் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியின் பக்கம். அங்கேயும் இதே வழக்கு உண்டு. மொழியோடு வரும் ஆர்க் மாட்யூலில் ஆப்ஷன் பெயர், செயல், விளக்கம் என்று மும்மையாக எழுதுவோம்; மதிப்பு பெரும்பாலும் மாறக்கூடிய ஒரு ரெஃபில் போய் உட்காரும். ஃபங்ஷனல் மொழிக்குள் அது கொஞ்சம் உறுத்தும், ஆனால் முழு எண் கேட்கும் இடத்தில் எழுத்து வந்தால் அங்கேயே மறுத்துவிடும். கமாண்ட்லைனர் என்ற பேக்கேஜ் வந்த பிறகு நான் அதற்கு மாறிவிட்டேன். அதுவும் தனித்தனிப் பார்சர்களைப் பக்கம்பக்கமாகக் கோக்கும் அப்ளிகேட்டிவ் பாணிதான். ஹெல்ப்பை மேன் பக்கமாகவே (யூனிக்ஸ் கையேட்டுப் பக்கம்) தயாரித்துத் தரும்.

இந்த இடத்தில் மோனாட் (முந்தைய விடையைப் பார்த்து அடுத்த படியைத் தீர்மானிக்கும் பாணி) ஏன் ஒத்துவருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோனாடில் அடுத்த பார்சர் ஒரு ஃபங்ஷனுக்குள் மறைந்திருக்கும். முந்தைய மதிப்பு கைக்கு வரும்வரை அதைப் பார்க்க முடியாது. அப்ளிகேட்டிவில் எந்த மதிப்பும் இல்லாமலே முழு வடிவமும் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் ஒன்றையும் ஓட்டாமலே ஹெல்ப்பையும் டேப் நிரப்புதலையும் எடுக்க முடிகிறது.

மடிப்பு:
கெட்ஆப்டிலும் யூசேஜ்இன்ஃபோ இருக்கிறதே, ஆப்ஷன் லிஸ்டிலிருந்தே அட்டவணை போட்டுத் தரும். எது கட்டாயம், எது எதற்கு மாற்று என்பது அதில் வராது, இயல்பான மதிப்பையும் நாமே கையால் எழுத வேண்டும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் <*> சங்கிலியில் ஒரு ஆபத்து இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டருக்குப் பின்னால் ஆறு பார்சர்களை வரிசையாக எழுதுகிறோம். அதில் இரண்டு ஸ்ட்ரிங்காக இருந்து, இடம் மாறிப் போனால்? டைப் சரிதான், கம்பைல் ஆகும், உள்ளீட்டுக் கோப்பின் இடத்தில் வெளியீட்டுக் கோப்பு போய் நிற்கும். என் ஃபங்ஷன்களில் ஒவ்வொரு ஃபீல்டும் பெயரோடு இருக்கிறது.

வகைநேசன்:
இது சரியான அடி. நானும் ஒருமுறை அப்படி மாட்டியிருக்கிறேன். அப்ளிகேட்டிவ்டூ நீட்சியைப் போட்டால் இது தீரும். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி 8.0, அதாவது 2016 முதல் இருக்கிறது. டூ வடிவில் ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் வைத்து, கடைசியில் பெயரைச் சொல்லியே ரெக்கார்டைக் கட்டலாம். அரைப்புள்ளியைப் பயமுறுத்திய குறிகளும் காணாமல் போகும். ஒரு வரியின் மதிப்பை அடுத்த வரியில் பயன்படுத்தினால் மட்டும் அது மோனாட் கேட்கும், கம்பைலர் மறுத்துவிடும்.

அரைப்புள்ளி:
நேற்று இரவு இரண்டு முறையிலும் எழுதிப் பார்த்தேன். கெட்ஆப்டில் முதலில் எழுதியது ஓடியது. ஆனால் --ஃபைல், --ஸ்டிடின் இரண்டையும் கொடுத்தபோது சத்தமில்லாமல் கோப்பைப் படித்தது. சோதனை எழுத மறந்திருக்கிறேன், இந்த உரையாடலைப் படித்த பிறகும்! அதனால் ஆப்ட்பார்ஸுக்கு மாறிவிட்டேன். அப்ளிகேட்டிவ்டூ போட்ட பிறகு படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. --ஃபார்மட்டுக்கு மட்டும் 'சம்', 'லாஸ்ட்' வைத்திருக்கிறேன், ஏனென்றால் எனக்கும் அலியாஸ் உண்டு. --லிமிட் பூஜ்ஜியமாக இருந்தால் மறுக்க வேண்டும், அதை எங்கே வைப்பது?

வகைநேசன்:
ஆப்ட்பார்ஸின் ஈதர்ரீடரில். ஸ்ட்ரிங்கை வாங்கி ஈதர் தரும் ஃபங்ஷனை அதற்குக் கொடுங்கள், உங்கள் பிழைச் செய்தியே வெளியே வரும்.

மடிப்பு:
ஒரு ஆப்ஷனுக்கு அது போதும். நாளைக்கு --ஃப்ரம், --டூ என்று இரண்டு தேதி சேர்த்து, முதலாவது இரண்டாவதைவிட முந்தியதா என்று பார்க்க வேண்டுமென்றால், பார்சருக்கு வெளியே ஒரு ஈதர் எழுதியே ஆக வேண்டும். அப்புறம், டெஸ்ட் எழுதும்போது பார்சரை ஓட்டும் எக்ஸெக்பார்சர் வேண்டாம். பிழை வந்தால் நிரலையே முடித்துவிடும். எக்ஸெக்பார்சர்ப்யூருக்கு ஒரு ஸ்ட்ரிங் லிஸ்டைக் கொடுத்து, வரும் விடையைப் பாருங்கள். அந்த இரண்டு ஆப்ஷனும் சேர்ந்து வரும் நிலையையே முதல் டெஸ்டாக வையுங்கள்.