ஒரு நிமிடச் சோதனை எட்டுச் செக்கனில் முடிந்த கதை: உங்களுக்கும் நேர்ந்ததா?

வெள்ளவத்தைக்காரன்:
வட்டுகளின் வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யூனியன் பிளேஸிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு வகை சாட்டா எஸ்.எஸ்.டி.களில் (சுழலும் பாகமில்லாத வட்டுகளில்) எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. எழுதும் சோதனைக்குக் கோப்பளவு 4 ஜிபி, 'ரன்டைம்' (ஓடும் நேரம்) 60 செக்கன் என்று கொடுத்து ஓடவிட்டு, பிளேன்டீ ஊற்றப் போனேன். சீனியைக் கலக்கிக்கொண்டு திரும்பியபோது அறிக்கை திரையில் நின்றது. மணிக்கூட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. செக்கனுக்கு 520 எம்பி என்ற எண்ணை அப்படியே அனுப்பினேன். மலிவான வட்டு தெரிவாகி, நாற்பது வந்திறங்கின.

மூன்று வாரம் கழித்து, இரவுக் காப்புப்பிரதி விடிந்த பின்னரும் முடியாமல் இழுபட்ட ஒரு காலையில், முகாமையாளர் அந்தப் பழைய அறிக்கையின் அச்சுப்பிரதியை என் முன் வைத்து, கடைசி வரியின் கீழ் பேனா முனையை நிறுத்தி, “தம்பி, இந்த 7877 என்ன?” என்று கேட்டார். அது மில்லிசெக்கன். ஒரு நிமிடம் ஓடும் என்று நான் நம்பிய சோதனை, 4 ஜிபியையும் எட்டுச் செக்கனுக்குள் எழுதிவிட்டு நின்றிருக்கிறது. கருவி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. அந்த எட்டுச் செக்கனும் வட்டின் எஸ்.எல்.சி. இடைச்சேமிப்புக்குள்ளேயே, அதாவது எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் சிறு பகுதிக்குள்ளேயே, கழிந்திருக்கிறது. அளவு தீர்ந்தாலும் நேரம் முடியும்வரை திரும்பத் திரும்ப ஓடவைக்கும் 'டைம்_பேஸ்ட்' சேர்த்துப் பத்து நிமிடம் ஓட்டியபோது, முதல் நிமிடம் முடிவதற்குள்ளேயே வேகம் 80க்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பேனா முனை நின்ற இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பழைய வன்தட்டு:
கருவியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 'ரன்டைம்' என்பது மேல் எல்லை மாத்திரமே; அளவு முதலில் தீர்ந்தால் வேலை அங்கேயே முடியும். கையேட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜென்ஸ் ஆக்ஸ்போ இந்தக் கருவியை எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேரின் ஸ்கிரிப்டுகள் இந்த நடத்தையை நம்பியே இருக்கின்றன. இன்று இயல்பை மாற்றினால் அவை எல்லாம் குழம்பும்.

எனக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். 'டைம்_பேஸ்ட்' போட்டால் போதும் என்று நம்பி, நினைவகத்தைத் தவிர்த்து நேரே வட்டை அணுகவைக்கும் 'டைரக்ட்' இல்லாமல், 2 ஜிபி கோப்பை ஒரு நிமிடம் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டேன். யாரோ விட்டுச்சென்ற வேலைக்கோப்பில், நினைவகத்திலுள்ள பிரதியைத் தொடக்கத்தில் நீக்கும் 'இன்வலிடேட்' பூச்சியமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. முதற்சுற்று வட்டிலிருந்து வந்தது. மற்றவை எல்லாம் நினைவகத்திலிருந்து வந்தன. சுழலும் வன்தட்டு ஒன்று செக்கனுக்கு 3 ஜிபிக்கு மேல் வாசிப்பதாக அறிக்கை சொன்னது. பக்கத்தில் நின்ற பயிலுநர் வட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “அண்ணா, இது அதிரவே இல்லையே” என்றார்.

இரவுப்பணி:
வாடிக்கையாளர் ஒருவரின் வழங்கியில், அதிகாலை இரண்டு மணிக்கு, பதினைந்து நிமிடம் மாத்திரம் தந்திருந்தார்கள். 'ரன்டைம்' 300, அளக்கத் தொடங்குமுன் ஓடவிடும் 'ராம்ப்_டைம்' 60. இந்த 60, முந்நூறுக்கு உள்ளே அடங்காது, அதற்கு மேலதிகம் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் போனது, வாசிப்புச் சோதனைக்கு முன் 100 ஜிபி கோப்பை உருவாக்கும் நேரத்தை எந்த வரம்பும் எண்ணாது என்பதுதான். எட்டு நிமிடம் அதற்கே போயிற்று. “சேர், ஆறு நிமிடம் என்றீர்களே” என்று அங்கிருந்த உத்தியோகத்தர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். 'கிரியேட்_ஒன்லி' கொடுத்துக் கோப்பை முதல் நாளே உருவாக்கிவிடுங்கள். சோதனை நாளில் அதே கோப்புப் பெயரையும் அதே அளவையும் கொடுத்தால் மீண்டும் உருவாக்காது. எஸ்.எஸ்.டி. என்றால், சேமிப்புத் துறையின் சங்கமான எஸ்.என்.ஐ.ஏ. வகுத்த முறைப்படி, முதலில் வட்டை வெறுமையாக்கி, அதன் கொள்ளளவைப் போல இரு மடங்கு தரவை எழுதி, அதன் பிறகே ஒரு நிமிடச் சுற்றுகளைத் தொடங்குங்கள். அடுத்தடுத்த ஐந்து சுற்றுகளில் அதிகூடிய பெறுமானத்துக்கும் அதிகுறைந்த பெறுமானத்துக்கும் உள்ள வேறுபாடு சராசரியின் 20 சதவீதத்துக்குள் அடங்கி, போக்கும் ஏறக்குறைய சமதளமாக இருந்தால்தான் வட்டு நிலைபெற்றுவிட்டது என்று கொள்ளலாம். வெள்ளவத்தை நண்பர் இதைச் செய்திருந்தால் நாற்பது வட்டுகளும் வந்திருக்காது. யூ.பி.எஸ். மின்கலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், இடையில் மின்சாரம் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை:
பழைய வன்தட்டு அவர்களே, கையேட்டில் இருக்கிறது என்பது பதிலாகாது. ரன்டைம் கொடுக்காமல் 'டைம்_பேஸ்ட்' மாத்திரம் கொடுத்துப் பாருங்கள். ரன்டைம் தேவை என்று ஃபியோ வாய் திறந்து சொல்லும். அதையே தலைகீழாக, ரன்டைம் மாத்திரம் கொடுத்துச் செய்யுங்கள், மௌனம். முதலாவது தவறு உடனே அகப்பட்டுவிடும், இரண்டாவது அறிக்கைக்குள் ஏறிக் கொள்வனவுப் பிரிவு வரை போகும். எச்சரிக்க வேண்டியது எதை? இயல்பை மாற்றுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நேரம் தீர்ந்ததால் நின்றதா, அளவு தீர்ந்ததால் நின்றதா என்று முடிவில் ஒரே ஒரு வரி அச்சிட்டால் எந்த ஸ்கிரிப்டு உடையப்போகிறது?

என் அனுபவம் சிறியது. வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். வழங்கி இடையில் உறைந்துபோக, 60 செக்கன் சோதனை இருபது நிமிடம் அசையாமல் நின்றது. வரம்பு தீர்ந்தாலும், அனுப்பிய கோரிக்கை திரும்பி வரும்வரை கருவி காத்துத்தான் இருக்கும். அன்று கண்ட்ரோல்-சி விசையை எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணவில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
இப்போது எங்கள் ஸ்கிரிப்டு, கேட்ட நேரத்தையும் ஓடிய நேரத்தையும் ஒப்பிட்டு, குறைந்திருந்தால் அறிக்கையையே அனுப்ப மறுக்கும். இரவுப்பணி அவர்களே, அறிவுரைக்கு நன்றி. நாற்பது வட்டுகளும் இன்னும் ஓடுகின்றன. காப்புப்பிரதியை மாலை ஏழு மணிக்கே தொடங்குகிறோம்.